'ஸ்குவொண்டர்' என்னும் வினைச்சொல்: ஷைலொக்கின் கூற்றொன்று

இக்காலத்து வழங்கும் பொருளைப் பழைய நூலின் சொல்லில் ஏற்றிப் படிப்பின், சொல் மாத்திரமன்றிப் பாத்திரமும் பிழைபட விளங்கும். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் 'ஸ்குவொண்டர்' என்னும் வினைச்சொல் இதற்குத் தக்க சான்றாகும். பொருளை ஊதாரித்தனமாய்ச் செலவிடல் என்பதே அச்சொல்லுக்கு இன்று நாம் அறிந்த பொருள்.

முதலாம் அங்கம் மூன்றாங் களத்திலே, அந்தோனியோவைப் பிணை வைத்து 3,000 டக்கற் நாணயங்களை 3 மாதத் தவணைக்குக் கேட்கின்றான் பஸானியோ. அந்தோனியோவின் கலங்கள் திரிப்பொலிஸ், இந்திய நாடுகள், மெக்சிக்கோ, இங்கிலாந்து எனப் பல திசைகளிற் செல்வதை ஷைலொக் ஒவ்வொன்றாய் எண்ணுகின்றான். பிற நாடுகளிலுள்ள ஏனைய முயற்சிகளைக் குறிக்குமிடத்து இவ்வினையை ஆள்கின்றான். அந்தோனியோ தன் செல்வத்தை வீணாக்கினான் என்பதா இதன் கருத்து?

இச்சொல்லின் பிறப்பு அறிஞரால் இன்னும் துணியப்படவில்லை. எனினும், 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே, 'வீண்செலவு செய்தல்', 'சிதறுதல்' ஆகிய இரு பொருளிலும் அது வழங்கியது. டிரைடன் 1667இல் வெளியிட்ட 'அன்னுஸ் மிராபிலிஸ்' என்னும் பாடலிலும், பகைவர் கப்பற்படையைச் சிதறடித்தலை இவ்வினையாற் குறிக்கின்றார். செலவிடுதலைக் குறிக்கும் 'ஸ்பெண்ட்' என்பதோ, நிறுத்துக் கொடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒன்றில் அளவு உண்டு. மற்றதில் அளவு இல்லை. நீரையும் விதையையும் இறைத்தல் என்னும் நம் சொல்லும், 'பணத்தை வாரி இறைத்தான்' என்னுமிடத்து ஊதாரித்தனத்தைச் சுட்டுதல் காண்க. சிதறுதலிலிருந்து வீணாக்குதலுக்குச் செல்லும் வழி நெடிதன்று.

வீண்செலவுப் பொருளும் அக்காலத்து வழங்கியதாதலின் அதனையே கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாகாது. கலங்களை எண்ணுமுன் அந்தோனியோ கடன் தீர்க்கவல்லான் என்கின்றான் ஷைலொக். காற்றும் பாறையும் கடற்கொள்ளைக்காரரும் விளைக்கும் இடர்களைக் கூறியபின்னும் அதனையே மீட்டும் கூறுகின்றான். வீணாக்கியவனை அவன் இருமுறை நம்பத்தக்கவன் என்னான். ஆகவே, 'சிதறிக் கிடக்கும்' என்பதே அவ்விடத்துப் பொருள். மிகையாகப் பரப்பிவிட்டான் என்னும் இகழ்ச்சி அதனுள் மெல்லத் தொனிப்பின் தொனிக்கலாம்.

இப்பொருள் கொண்டவிடத்தே நாடகத்தின் நுட்பம் புலனாகும். தன் பொருள் ஒரு கலத்திலோ ஓரிடத்திலோ தங்கியிருக்கவில்லை என்று முதற் களத்திலே அந்தோனியோ அமைதியுறுகின்றான். அப்பரவலே ஷைலொக்கின் கண்ணுக்கு இடராகத் தோன்றுகின்றது. வணிகனுக்குக் காப்பாவது கடன் கொடுப்போனுக்கு ஐயமாகின்றது. வீண்செலவு என்று உரைப்பின் இந்த முரண் மறைந்து, அந்தோனியோ வெறும் ஊதாரியாகி விடுவான்.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன், 'சிதறிய' என்று விடையெழுதிய மாணவனொருவனுக்கு நான் புள்ளி வழங்காது விட்டேன். அகராதியின் முதற்பொருளையே நான் நம்பினேன். அவனோ களத்தை முழுவதும் படித்திருந்தான். பிழை என்னுடையதே.