இரண்டு அங்குலத்தின் அழகு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய்வந்தவர்கள் அநேகம் பேர். அந்தப் பாதையோரம் நின்று, குனிந்து, வண்டிக்கு அடியில் நடப்பதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். இடது முன்சக்கரம் பாறைமேல் ஏறுகிறது. அந்தப் பக்கத்துப் பட்டை, அதாவது வில்லாக வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு, அழுந்தித் தட்டையாகிறது. அதே கணத்தில் வலது பக்கத்துப் பட்டை இன்னும் வளைந்து தன் சக்கரத்தைப் பள்ளத்துக்குள் இறக்கி விடுகிறது. முன் ஆக்சில் ஒரு பக்கம் சாய, பின் ஆக்சில் மறுபக்கம் சாய, மேலே உட்கார்ந்திருப்பவர்கள் இலேசாக ஆடுவதோடு சரி. நான்கு சக்கரமும் மண்ணை விடவில்லை. நன்றாகத் தூக்கப்பட்ட ஜீப் என்று நான் சொல்வது இதைத்தான்.

பழைய ஜீப்பை வாங்கியதும் இளைஞர்களுக்கு முதலில் வரும் ஆசை அதைத் தூக்குவது. எவ்வளவு தூக்கினாய் என்பதுதான் கேள்வியாகவும் இருக்கிறது. நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று பதில் வரும். சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கலையின் உயிர் அங்கே இருக்கிறது என்பது என் கட்சி.

நான் மனத்தில் வைத்திருக்கும் வண்டி மகிந்திராவின் சி.ஜே. 3பி வழி வந்த குட்டை ஜீப். வில்லிஸ் கம்பெனி 1953இல் கொண்டுவந்த வடிவம் அது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன பிறகும் இங்கே பல்லாண்டு காலம் அதன் வாரிசுகள் உருவாயின. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம். முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை. வில்வண்டிக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான அதே பட்டைதான்; காயில் கிடையாது, கணினி கிடையாது. ஒரு நல்ல பட்டறைக்காரர் தன் கையாலேயே மாற்றியமைக்கக் கூடிய சஸ்பென்ஷன் இது. அதனால்தான் இதில் கலைக்கு இடம் இருக்கிறது.

வண்டியைத் தூக்கினால் அடிப்பாகம் கல்லில் இடிக்காது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஜீப்பில் தரைக்கு மிக அருகில் இருப்பது ஆக்சிலின் நடுவே உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். பட்டை தூக்குவது ஆக்சிலுக்கு மேலுள்ள சேஸிஸைத்தான். பட்டையை என்ன செய்தாலும் ஹவுசிங் ஓர் இழைகூட உயராது. அதை உயர்த்த நடைமுறையில் டயர் மாற்றுவதே வழி. அதிலும் டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் ஹவுசிங்குக்குக் கிடைப்பது ஓர் அங்குலம்தான். சஸ்பென்ஷனைத் தூக்குவதால் வருவது வேறு பலன்கள்: மேட்டில் ஏறத் தொடங்கும்போது மூக்கு இடிக்காது, இறங்கி முடிக்கும்போது வால் இடிக்காது, வரப்பின்மேல் வயிறு தட்டாது, பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் திரும்பும். இந்த நான்கும் குட்டை ஜீப்புக்கு இயல்பிலேயே ஓரளவு உண்டு. எனவே இரண்டு அங்குலம் அதற்குத் தாராளம்.

அந்த இரண்டு அங்குலத்தை எங்கிருந்து எடுப்பது? எனக்குப் பிடித்த வழி பழையது: இருக்கிற பட்டைக்கே வளைவு ஏற்றுவது. சென்டர் போல்ட்டைக் கழற்றிக் கட்டைப் பிரிக்கிறார்கள். இருபது, முப்பது வருஷத்துத் துரு தகடு தகடாக உதிர்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு, வேண்டிய வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதன்மேல் மெயின் பட்டையை வைத்துப் பார்க்கிறார் பட்டறைக்காரர். பிறகு இடைவெளி விட்ட இரும்புத் தாங்கியில் உட்புறம் மேலாகக் கிடத்தி அடிக்கிறார். நெருப்பே இல்லை. நடுவிலிருந்து தொடங்கி விரற்கடை விரற்கடையாக நுனியை நோக்கி நகர்கிறது சுத்தியல். அடி ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழுகிறது. நாலு அடிக்கு ஒரு தரம் மீண்டும் சாக்பீஸ் கோட்டுக்குப் போகிறது பட்டை.

சுத்தியலின் முகம் உருண்டையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சுமை ஏறும்போது இழுபடுவது பட்டையின் அந்த உட்புற முகம்தான். கூர்மையான தழும்பு ஒன்று விழுந்தால் நாளை விரிசல் அங்கேயே பிறக்கும். செக்கச் செவேலென்று காய்ச்சி வளைப்பது எளிது. ஆனால் காய்ச்சிய எஃகை எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தத் தெரியாத இடத்தில் அது ஆபத்து. பதம் போன பட்டை விரைவில் படுத்துவிடும், அல்லது முறியும்.

இன்னொரு நுணுக்கம், பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரியாது. கீழே போகப் போக ஒவ்வொரு பட்டைக்கும் மேலுள்ளதைவிடச் சற்றே கூடுதல் வளைவு தர வேண்டும். அடுக்கி வைத்தால் நடுவில் மெல்லிய சந்து தெரியும். சென்டர் போல்ட்டை முறுக்க முறுக்க அந்தச் சந்து மூடிக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. மெயின் பட்டையின் பாரத்தில் ஒரு பங்கை மற்றவை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது இப்படித்தான். இந்தச் சந்தைச் சரியாக விடுகிற கை எனக்கு ஒரு வித்துவானின் கை.

புதுப் பட்டை சேர்ப்பதிலும் ரசனை உண்டு. தடித்த பட்டை ஒன்றைச் சொருகினால் வண்டி உடனே உயரும். அதன் பிறகு இடுப்பு ஒடியும். பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் முப்படியைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் பட்டை ஒன்றின் விறைப்பு, அதே நீள அகலமுள்ள 7 மில்லிமீட்டர் பட்டைகள் மூன்றின் விறைப்புக்கு ஏறத்தாழச் சமம். தாங்கும் சுமை ஒன்றேதான், ஆனால் மெல்லிய பட்டைக்குள் இழுவிசை குறைவு என்பதால் அது இன்னும் அதிகம் வளைந்து, அலுங்காமல் திரும்பிவரும். சக்கரம் பள்ளத்தைத் தேடி இறங்குவதற்கு இந்தத் தாராளம் வேண்டும். போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பட்டை கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அது சுமைக்காகச் செய்தது. பெண்களும் தூக்குச்சட்டிகளுமாக வண்டி நிறைந்தபின்தான் அது சரியான உயரத்துக்கு வரும். அந்த வேலையை நான் மதிக்கிறேன். இருவர் மட்டும் போகும் ஜீப்புக்கு அதைப் பார்த்துச் செய்வதுதான் தவறு.

சுருக்கு வழி, பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டுவது. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம் உயரும். விலை மலிவு, அரை நாள் வேலை. ஆனால் இந்த ஜீப்பில் முன்பட்டையின் ஷாக்கிள் மூக்குப் பக்கம் இருக்கிறது. அதை நீட்டும்போது பட்டையின் முன்நுனி கீழே போகிறது, ஆக்சில் முன்னோக்கிக் கவிழ்கிறது, கேஸ்டர் என்கிற பின்சாய்வு குறைகிறது. திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் போய்விடும். வேகத்தில் முன்சக்கரம் படபடக்கும். பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு டிகிரி எஃகு ஆப்பு வைத்து இதைச் சரிசெய்வார்கள். ஆப்பு வைத்த வண்டியைப் பார்த்தால், செய்தவர் யோசித்திருக்கிறார் என்று எனக்கு மரியாதை வந்துவிடும்.

உயரம் ஏறியதும் கீழே ஒவ்வொரு உறவும் மாறுகிறது. குட்டை ஜீப்பின் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் குறைந்தது. வண்டி கொஞ்சம் உயர்ந்தாலே அதன் சரிவு சட்டென்று செங்குத்தாகிறது. கியர்பாக்ஸ் முனையும் ஹவுசிங் முனையும் இணையாக நிற்காவிட்டால் கிராஸ் ஜாயின்ட் அதிரும், சீக்கிரம் தேயும். பழைய ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் சக்கரத்தை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்தும். பிரேக் ஹோஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் விறைத்து நின்றால், அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஜிப்ஸி வண்டி வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் பட்டையை எடுத்து மேலே வைத்துவிடுவார்கள். ஒரே மாற்றத்தில் ஏறத்தாழ ஐந்து அங்குலம் கிடைக்கும், பட்டையின் மென்மையும் கெடாது. துணிச்சலான வேலை. ஆக்சில் இருக்கைகளைப் புதிதாக வெல்டிங் செய்து, ஸ்டீயரிங் கம்பிகளைத் திருத்தி, முறுக்கத்தில் பட்டை நெளியாமல் தடுக்க வழி செய்து முடித்தால் பாறைக்காட்டில் அந்த வண்டி அற்புதம். ஆனால் பாரத்தின் மையம் மேலே போய்விடுகிறது. பக்கச் சரிவில் போகும்போது அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். மலைச்சாலையிலும் கடைவீதியிலும் ஓடவேண்டிய வண்டிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வாசித்தது. வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

உங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தால், லிஃப்ட் கிட் விலை கேட்பதற்கு முன் தரையிலிருந்து சேஸிஸ் வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பல வண்டிகளில் பட்டை படுத்துப்போய், கம்பெனி கொடுத்த உயரமே குறைந்திருக்கும். அதை ஒரு நல்ல பட்டறையில் கொடுத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவாருங்கள், புஷ் மாற்றுங்கள், பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் பூசுங்கள். பிறகு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் உயரம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.