முத்திரையும் வாக்கும்: ஆனைமங்கலச் செப்பேடும் பேராக் அரச முத்திரையும்

முன்னுரை

அரசனின் முத்திரை பதிந்த ஆவணம் அரசனின் வாக்காக மதிக்கப்படுவது உலகப் பொதுமரபு. பண்டைத் தமிழர் இம்முத்திரையைப் 'பொறி' என்றும் 'இலச்சினை' என்றும் வழங்கினர். 'முத்திரை' என்னும் சொல் மலாய்மொழியுள் புகுந்து 'மெத்தெராய்' ஆயிற்று. அதே பொருளுடைய 'சாப்' என்னும் மலாய்ச் சொல் மலேசியத் தமிழரின் பேச்சில் 'சாப்பு' என நிலைபெற்றுள்ளது. இரு மொழியினரும் ஒருவர்க்கொருவர் கொடுத்தும் கொண்டும் வந்த துறைகளுள் ஆவணத்துறையும் ஒன்றென்பதற்கு இச்சொற்களே சான்றாகும்.

ஆயினும், இந்நாட்டுத் தமிழ் எழுத்திலும் மேடைப்பேச்சிலும் சோழரின் புலி முத்திரை பெரிதும் வெற்றிச் சின்னமாகவே போற்றப்படுகிறது. அம்முத்திரையோடு பிணைக்கப்பட்ட ஏடுகள் கூறும் செய்தி அத்துணை கருதப்படுவதில்லை. இப்பார்வை நிறைவுடையதன்று என்பது நம் கருத்து. இதனைச் சிலப்பதிகாரம், ஆனைமங்கலச் செப்பேடு, பேராக் அரச மரபு ஆகிய மூன்றையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலம்பில் இரு முத்திரைகள்

சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில், சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுக்க இமயம் செல்லத் துணிகிறான். வில், கயல், புலி ஆகிய மூன்றும் பொறித்த மண்முத்திரை இட்ட ஓலையை வடபுலத்து மன்னர்க்கு விடுக்குமாறு அமைச்சன் வில்லவன் கோதை கூறுகிறான். அழும்பில் வேளோ, அம்மன்னர்களின் ஒற்றர்கள் வஞ்சி நகரிலேயே உள்ளமையால் இங்குப் பறையறைந்தாலே போதும் என்கிறான். அவ்வாறே பறை அறையப்படுகிறது. மூவேந்தர் சின்னமும் தாங்கிய பெருமுத்திரை பேச்சளவிலேயே நின்றுவிடுகிறது.

புறஞ்சேரி இறுத்த காதையில் வரும் முத்திரை வேறு வகையினது. கௌசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலை மண்ணால் மூடப்பட்டு, அவள் கூந்தலால் பொறி ஒற்றப்பட்டிருக்கிறது. அதன் மணத்தைக் கொண்டே கோவலன் அனுப்பியவள் யாரென உணர்கிறான். படித்தபின் தவறு அவளுடையதன்று எனத் தெளிகிறான். அதிகாரம் ஏதுமற்ற ஒருத்தியின் பொறி நம்பப்படுகிறது. ஒரு முத்திரை மெய்ம்மை பெறுவது அதனை அறிந்து ஏற்பவரால்தான் என்பதை இளங்கோவடிகள் இவ்விரு காட்சிகளாலும் புலப்படுத்துகிறார் எனலாம்.

வளையமும் ஏடுகளும்

இவ்வுண்மையை வரலாற்றில் காட்டுவது ஆனைமங்கலச் செப்பேடு. லைடன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டமையால் இது பெரிய லைடன் செப்பேடு எனவும் பெயர் பெற்றது. இதன் 21 ஏடுகளையும் கோத்த வளையத்தில் இராசேந்திர சோழனின் முத்திரை உள்ளது. சோழரின் செப்பேட்டு முத்திரைகளில் புலியோடு இரு கயலும் வில்லும் இடம்பெறும். மேலே வெண்கொற்றக்குடை நிழற்றும். பாண்டியரையும் சேரரையும் அடிப்படுத்திய செருக்கு அவ்வமைப்பிலேயே தெரிகிறது.

வளையம் வெற்றியைப் பேச, ஏடுகளோ கடமையைப் பேசுகின்றன. கடாரத்தரசன் ஸ்ரீமாற விசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். சைவனாகிய அரசன் அயல்நாட்டரசனின் பௌத்தப் பள்ளிக்கு அளித்த கொடை இது. அதனை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தான்.

இச்செப்பேடு அரசனை மட்டும் பேசவில்லை. அவன் வாய்மொழியாகக் கூறிய ஆணையைக் கேட்டு எழுதிய ஓலை எழுதுவோன், அதனை ஒப்புநோக்கிய ஓலைநாயகம், வரிப்புத்தகத்தில் பதிந்த அலுவலர் எனப் பலரைக் குறிப்பிடுகிறது. நாட்டார் பிடி நடத்தி எல்லை வகுத்ததையும், அண்டை ஊரினர் ஒப்பமிட்டதையும் கூறுகிறது. இத்தனை பேர் அறிய நிகழ்ந்ததை உறுதிசெய்யும் இறுதிச் செயலே முத்திரை.

இராசேந்திரனின் படை கடாரத்தைத் தாக்கியது ஏறத்தாழ 1025இல். எனினும், 1090இல் கடாரத்தரசனின் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அவ்வரசனின் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிவிலக்கை மீண்டும் உறுதிசெய்தான் என்பதைச் சிறிய லைடன் செப்பேடு காட்டுகிறது. போருக்கு 65 ஆண்டுகளுக்குப் பின்னரும் அறக்கொடை காக்கப்பட்டது. கடாரப் படையெடுப்பை ஆர்வத்துடன் கற்பிக்கும் நாம், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் இவ்விரு கொடைகளையும் சேர்த்தே கற்பித்தல் முறையாகும்.

பேராக் மரபில் முத்திரை

மலாய் அரசர்களின் தனி முத்திரைகள் சாவி எழுத்தில் பெயரையும் பட்டத்தையும், பல வேளைகளில் ஹிஜ்ரி ஆண்டையும் தாங்குவன. விளக்குப் புகைக்கரி தடவித் தாளில் ஒற்றுவர். மடலில் முத்திரை இடம்பெறும் இடமே அனுப்புவோரின் தகுதியைப் பெறுவோர்க்கு உணர்த்தும். பேராக்கில் இத்தகைய முத்திரைகளோடு, 'சாப் ஹலிலிந்தார்' எனப்படும் இடிமுத்திரையும் அரச மரபுரிமைப் பொருள்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. தனி முத்திரை அரசருக்கு அரசர் மாற, இடிமுத்திரை மரபின் தொடர்ச்சியைக் குறிக்கிறது.

அத்தொடர்ச்சி 1874இல் சோதனைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு சனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றது. அரச மரபுரிமைப் பொருள்களோ உடன்படிக்கைக்கு வராத சுல்தான் இஸ்மாயிலிடம் இருந்தன. ஒருவரிடம் ஆங்கிலேயரின் ஏற்பு. மற்றவரிடம் மரபின் சின்னங்கள். அடுத்த ஆண்டு, அப்துல்லாவிடம் வற்புறுத்திப் பெற்ற இசைவின்பேரில் ஆங்கிலேயர் ஆட்சியை அறிவிக்கும் அறிவிக்கைகள் ஒட்டப்பட்டபோது, 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டார். மக்கள் ஏற்காத ஆணை அரசரின் பெயரைத் தாங்கியும் நிற்கவில்லை.

தோட்டமும் பட்டாவும்

இந்நிகழ்வுக்குப் பின் விரிந்த காலனித்துவ ஆட்சியில்தான் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்குக் குடியேறிய தமிழர் பலர்க்கு ஆவணமென்பது கைநாட்டு வைக்கும் தாளாகவே இருந்தது. கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் பல இடங்களில் நிருவாகத்தின் வாய்மொழி இசைவிலேயே எழுந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கைமாறியபோது, அவ்வாய்மொழி புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தவில்லை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி நிலவுரிமைக்கு ஆதாரம் பதிவாளரின் ஒப்பமும் முத்திரையும் பெற்ற பட்டாவே. நம் மக்கள் 'கிராண்டு' என வழங்குவது இதனையே.

இத்தேவையை முன்னுணர்ந்த முயற்சியும் பேராக்கோடு தொடர்புடையதே. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சேர்த்த பங்குப்பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. கைநாட்டு வைத்தவர்கள் நிலப்பட்டாவில் பங்குடையோராயினர்.

முடிவுரை

முத்திரையின் ஆற்றல் அது உறுதிசெய்யும் வாக்கிலும் அவ்வாக்கைக் காப்போரிடத்தும் உள்ளது என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். புலிச்சின்னத்தைப் பெருமையோடு வரைந்து மகிழும் மாணவனுக்கு, அதனோடு கோத்த ஏடுகளில் எல்லை எவ்வாறு அளக்கப்பட்டது, யார் யார் ஒப்பமிட்டனர், எவருக்காக நிலம் வழங்கப்பட்டது என்பவற்றையும் தமிழாசிரியர் கற்பித்தல் வேண்டும். தன் பள்ளியும் கோயிலும் நிற்கும் நிலத்தின் பட்டா எவர் பெயரில் உள்ளது என்று அம்மாணவன் வினவத் தொடங்குவானாயின், அதுவே ஆனைமங்கலச் செப்பேட்டைக் கற்றதன் பயனாகும்.