ரஜூலாவின் நாற்பத்தேழு ஆண்டுகள்

சென்னைத் துறைமுகம் கண்ட பயணிகள் கப்பல்களுள், கட்டுமான நேர்த்திக்காகவே நின்று பேசத் தக்கது ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காகக் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் 1926-இல் உருவான இக்கலம், உலகப் போரில் படையினரைச் சுமந்த காலம் நீங்கலாக, சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்தபடி 1973 வரை உழைத்தது. கிழக்கே திறந்திருந்த சென்னைத் துறைமுக வாயில், துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் ராயபுரம் பக்கமுள்ள வடகிழக்கு மூலைக்கு மாற்றப்பட்டிராவிட்டால், எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இத்தகைய கப்பல் அங்கே அலைக்கு ஒதுங்கி நிற்பது அரிதாகியிருக்கும். இங்கு டன் என்பது எடையன்று, கப்பலின் உள்ளிடத்தை அளக்கும் அலகு.

கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் என்பதற்கு மேல் அலங்காரம் நாடாத அதன் அழகு, இயந்திர அறையில்தான் முழுமை பெற்றது. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையிலும், அழுத்தம் தணியத் தணிய அதனினும் பெரிய இரண்டு உருளைகளிலும் அடுத்தடுத்து விரிந்து, ஒரே ஆவியிடம் மும்முறை வேலை வாங்கும் மூவிரிவு இயந்திரம் அது. டர்பைனும் டீசலும் பரவத் தொடங்கிவிட்ட 1926-இல் இது பழைய முறையே எனினும், நிதானமாக இயங்கும் தண்டுகளும் தாங்கிகளும் கண்ணுக்கும் கைக்கும் எட்டியதால், தாங்கி சூடேறுகிறதா என்பதைத் தொட்டே அறிந்த பொறியாளர்களுக்கு அதைவிட நம்பகமான துணை இருந்திருக்க முடியாது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தலாம். தேய்ந்த தாங்கியை மீண்டும் வார்க்கலாம். இப்படிப் பழுதுபார்த்தே கப்பலின் ஆயுளை நீட்டலாம்; ஜெட் விமானமோ, ஒவ்வொரு ஏற்றத்திலும் காற்றழுத்தத்தால் விம்மி இறக்கத்தில் தளர்வதால் உலோகக் களைப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பறந்த மணிகளோடு ஏறி இறங்கிய முறைகளையும் எண்ணியே அதன் வயதை மதிப்பிடுகின்றனர்.

இந்த ரசனை மறைக்கக் கூடாத உண்மை ஒன்றுண்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை, அதாவது அறையின்றிக் கப்பல் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துச் செல்வோரை, ஏற்றும் வகையில் ரஜூலா அமைக்கப்பட்டது; மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அந்த நெரிசலைத் தம் உடலால் தாங்கினர். காற்றும் நிழலும் வேண்டிய அம்மக்களுக்கு, இயந்திரத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியேனும் கிடைத்திருக்க வேண்டும்.

1973-இல் இந்தியக் கப்பல் போக்குவரத்துக் கழகம் வாங்கி, அந்தமான் ஊரொன்றின் பெயரால் ரங்கத் என அழைத்தபோது, அதன் காலம் ஏறத்தாழ முடிந்திருந்தது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. தடத்தை ஏற்றது எம்.வி. சிதம்பரம். பாஸ்தர் என்னும் பெயரில் 1966-இல் பிரான்சின் டன்கிர்க்கில் கட்டப்பட்ட அந்த டீசல் கப்பல், ரஜூலாவைவிட விரைவும் வசதியும் மிக்கது. ஆயினும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் மூண்டு பல உயிர்களைப் பலிகொண்ட தீ, இருபது ஆண்டுகூட நிறையுமுன் அதன் வாழ்வை முடித்தது.