கதைச்சுருக்கமும் விமர்சன நோக்கும்

திரைப்படமொன்று ஒளிப்பதிவுக் கருவியின் முன்னே பிறக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயின் அதற்கு நெடுநாள் முன்னரே, ஒரு பக்கத்தில் அடங்கும் கதைச்சுருக்கத்தில் அதன் போக்குப் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. முதலிடுவோர் முதலிற் படிப்பது அவ்வொரு பக்கத்தையே. எவருடைய வாழ்க்கை திரைக்கு வரும், எவருடையது வராதுபோகும் என்னும் வினா அங்கேயே விடை பெறுகிறது. எனினும் நாவலுக்கும் சிறுகதைக்கும் அளவுகோல்களை வகுத்துக்கொண்ட நமது விமர்சனம், இச்சிறு எழுத்துருவிற் போதிய கவனஞ் செலுத்தவில்லை என்றே கூறவேண்டும்.

1948 ஆம் ஆண்டில் வெளிவந்த டி சிக்காவின் ‘துவிச்சக்கரவண்டித் திருடர்’ என்னும் இத்தாலியத் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிந்திய றோம் நகரில் தொழிலற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குத் துவிச்சக்கரவண்டி இன்றியமையாதது. மனைவி படுக்கை விரிப்புகளை அடகுவைத்து, அடகிலிருந்த வண்டியை மீட்கிறாள். வேலையின் முதல்நாளே வண்டி களவு போகிறது. தந்தையும் மகனும் தேடி அலைகின்றனர். ஈற்றில் அவனே இன்னொரு வண்டியைத் திருட முயன்று பிடிபடுகிறான். இச்சுருக்கத்தில் அவன் நல்லவன் என்றோ, வறுமை கொடியது என்றோ ஒரு சொல்லும் இல்லை. வறுமை இங்கு அடைமொழியாக நில்லாது, நிகழ்ச்சிகளை இயக்கும் விசையாகத் தொழிற்படுகிறது.

இப்படத்துக்கு மூலமாய் அமைந்தது, லூயிஜி பார்ட்டோலினி 1946 இல் வெளியிட்ட நாவல். அதில் வண்டியைப் பறிகொடுப்பவன் ஒரு கலைஞன். சவாற்றினி முதலிய திரைக்கதையாசிரியர்கள் அவனைத் தொழிலாளியாக்கியபோது, அதே களவு வேறொரு பொருளைப் பெற்றது. கலைஞனுக்கு இழப்பாயிருந்தது தொழிலாளிக்குப் பிழைப்பே அற்றுப்போவதாயிற்று. இப்படத்துக்குப் பணம் இட முன்வந்த ஹொலிவூட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக், நாயகனாகக் கேரி கிராண்டை நடிக்கவைக்கவேண்டும் என்றார். டி சிக்கா அதற்கு இணங்காது, லம்பேர்ட்டோ மஜொராணி என்னும் ஆலைத்தொழிலாளியை நடிக்கவைத்தார். செல்ஸ்னிக் விரும்பியவாறு செய்திருப்பின் நிகழ்ச்சிகள் யாவும் எஞ்சியிருக்கும். அவற்றை இயக்கிய சமூக உறவு மறைந்திருக்கும்.

இதிலிருந்து விமர்சனத்துக்கு ஒரு வழி புலப்படுகிறது. கதைச்சுருக்கமொன்று நம் கையிற் கிடைத்ததும் அதிலுள்ள அடைமொழிகளை நீக்கிப் பார்ப்போம். ‘ஏழையாயினும் நேர்மையானவன்’, ‘கொடிய முதலாளி’ என்பன போனபின் எஞ்சுவது என்ன? ஒன்றும் எஞ்சாதாயின், அங்கு கதை இல்லை. ஆசிரியரின் தீர்ப்பு மட்டுமே உண்டு. முற்போக்கு எழுத்தாளராகிய நம்மவர் எழுதும் சுருக்கங்களிலும் இக்குறை அடிக்கடி காணப்படுகிறது. இறுதிக் காட்சியில் எழும் வேலைநிறுத்தம் முதற்காட்சியின் கூலிக்கணக்கிலிருந்து முளைக்கவேண்டும். அவ்வாறன்றேல் அது தற்செயலாற் கதையை முடிக்கும் வணிகப் படங்களின் உத்தியினின்றும் வேறுபட்டதாகாது.

நிகழ்ச்சி சிறிது என்பது ஒரு குறையன்று. ஒரு பெண் சோடிக் காலணி வாங்குகிறாள் என்பதே முழுப்படத்துக்குப் போதும் எனச் சவாற்றினி வாதிட்டார். அப்பணம் எவ்வாறு வந்தது, அதனால் வீட்டில் எது இல்லாதுபோயிற்று, இலாபம் யாரைச் சேர்ந்தது எனத் தொடர்ந்து வினவினால், ஒரு சமூகம் முழுவதும் அச்சிறு கொள்வனவுக்குள் வந்துவிடும்.

நமது சூழலில் இதற்கு இடமில்லை என்று கூறுவதற்கில்லை. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தைக் களமாகக்கொண்டு 1977 இல் உருவாக்கிய ‘பொன்மணி’, சீதனத்தையும் சாதியையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது. ‘காதலுக்குச் சாதி தடை’ என அதனைச் சுருக்கினால், நாம் பலமுறை பார்த்த படமொன்றே நினைவுக்கு வரும். சீதனமின்மையால் வீட்டிலே தேங்கிநிற்கும் திருமணங்களிலிருந்து தொடங்கினால், அக்காதல் ஏன் அவ்வளவு அச்சத்தை விளைவிக்கிறது என்பது தெளிவாகும்.

படம் வெளிவந்தபின் அதன் பிற்போக்குத்தன்மையைச் சாடுவது எளிது. ஒரு பக்க எழுத்தாக அது இருக்கும்போதே, எழுதியவருடன் அமர்ந்து இவ்வினாக்களை எழுப்புவது கடினமான பணி. எனினும் பயன் மிகுந்தது அதுவே என்பது நமது கருத்தாகும்.