ஒரு வரியில் லட்சம் திருத்தங்கள்

மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸில், முகவரி டேபிளின் லட்சம் வரிகளில் பழைய பெயரே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ரீப்ளேஸ்’ போட்டு ஓர் அப்டேட் குவெரி ஓட்டினால் நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் ‘ஐஐடி மெட்ராஸ்’ என்பதும் ‘ஐஐடி சென்னை’ ஆகியிருக்கும். ஐஐடி பழைய பெயரை விடவில்லை என்பது குவெரிக்கு எப்படித் தெரியும்?

அதற்காக இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. ஊர்ப் பெயருக்கு முன்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தால், ரிப்போர்ட்டில் ஒரே ஊர் இரண்டு வரிகளில் நிற்கும். ‘டிரிம்’ அதை ஒரே வீச்சில் சரிசெய்யும். தரவை வெளியே எடுத்து, புரோகிராம் எழுதி, திரும்ப ஏற்றும் பாடு இல்லை. (வெப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ‘நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்’ மட்டும் சாதாரண டிரிமுக்குத் தப்பிவிடும்.)

தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. மை-எஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்-8ஆகச் சேமித்துக் ‘கேர்_லெங்த்’தைக் கேட்டால் 5 என்கிறது, ‘லெங்த்’ 15 பைட் என்கிறது. இடப்பக்கத்திலிருந்து இரண்டு எழுத்து வெட்டச் சொன்னால் ‘தமி’ கிடைக்காது, ‘தம’தான் கிடைக்கும். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், திரையில் வேறுபாடே தெரியாது. ஒரு வடிவத்தைத் தேடும் ரீப்ளேஸ் மற்றதைத் தொடாமல் போகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 13-ஆம் பதிப்பில் வந்த ‘நார்மலைஸ்’ இதற்கு மருந்து. அதை முதலில் ஓட்டியபின் தேடுவதே சரி.

வேர்ட்பிரஸ்காரர்கள் பட்ட பாடு வேறு வகை. தளத்தை ‘எச்டிடிபி’யிலிருந்து ‘எச்டிடிபிஎஸ்’ஸுக்கு மாற்றும்போது நேரடி ரீப்ளேஸ் போட்டால், முகவரியில் ஓர் எழுத்து கூடுகிறது. செட்டிங்குகளைச் சேமிக்கும் சீரியலைஸ் செய்த சரத்திலோ பழைய நீளம் எண்ணாகப் பதிந்திருக்கிறது. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாததால் அந்த செட்டிங்கை வாசிக்கவே முடிவதில்லை. வேர்ட்பிரஸுக்கான கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்தே திருத்துகிறது.

ஆக, இடைவெளி, பெரிய-சிறிய எழுத்து போன்ற வடிவத் திருத்தங்களுக்குக் குவெரி கெட்டிக்கார வேலைக்காரன். பொருள் மாறக்கூடிய இடத்தில் அதை நம்பி விடுவது ஆபத்து. அதிலும் மை-எஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட் இயல்பாகவே ஆனில் இருப்பதால், ‘வேர்’ நிபந்தனையை மறந்து என்டர் தட்டினால் ரோல்பேக் கைகொடுக்காது, பேக்கப்பைத்தான் தேட வேண்டும். அதே நிபந்தனையோடு முதலில் ஒரு ‘செலக்ட்’ ஓட்டி, பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘ஐஐடி சென்னை’ அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.