யாருடைய பசி, யாருடைய பாவம்?
கொரிந்தியர் முதல் நிருபம்: ஒரு மறுவாசிப்பு

பைபிளை நாம ஏன் வாசிக்கணும், அது பாதிரிகள் சமாச்சாரம்தானே என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு பிரதியை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோமோ அவர்கள் அதைத் தங்களுக்குத் தோதாகத்தான் வாசிப்பார்கள் என்பதே என் பதில். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் இதற்கு நல்ல உதாரணம்.

அதன் பதினோராம் அதிகாரத்தின் பின்பாதி ராப்போஜனப் பந்திக்கு முன்னால் சபைகளில் வாசிக்கப்படுவது. சின்ன வயசில் கேட்ட பிரசங்கம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. 'அபாத்திரமாய்' உண்பவனுக்குத் தண்டனை உண்டு, ஆகவே அவனவன் தன்னைச் சோதித்துப் பார்க்கட்டும். சோதித்துப் பார்க்கப் பட்டியலும் உண்டு: சினிமா பார்த்தியா, பீடி குடிச்சியா, பக்கத்து வீட்டோட சண்டை போட்டியா? வாரமெல்லாம் கூலி வேலை பார்த்த பெண்கள் தங்களுக்குத் தகுதியில்லை என்று பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். முன்வரிசைக்காரர்கள் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

இந்த வாசிப்பைப் பிரதியே மறுக்கிறது. அதைப் பார்க்கக் கொரிந்துக்குப் போக வேண்டும்.

கி.மு. 146இல் ரோமானியர் அழித்த நகரம் அது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் ஆணைப்படி ரோமக் குடியேற்றமாக மறுபடியும் எழுந்தது. குடியேற்றப்பட்டவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் கணிசம். லெக்கேயம், கெங்கிரேயா என்ற இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே வியாபாரத்தால் பெருத்த ஊர். பவுல் அங்கே இருந்தது கி.பி. 50–51 வாக்கில், நிருபம் சில வருஷம் கழித்து எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. உங்களில் ஞானிகள், வல்லவர்கள், பிரபுக்கள் அதிகமில்லை என்கிறார் பவுல். அதிகமில்லை என்றால் கொஞ்சம் பேர் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் நகரக் கருவூலப் பொறுப்பாளன் ஏரஸ்துவும், சபை முழுவதையும் வீட்டில் ஏற்றுக்கொண்ட காயுவும் வருகிறார்கள்.

அன்று கோயில் கட்டடம் கிடையாது. சபை கூடியது வீடுகளில். வசதியான ரோமானிய வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மஞ்சங்கள். வழக்கமாக ஒன்பது பேர். மீதிப்பேர் முற்றத்தில். விருந்தாளியின் அந்தஸ்துக்கேற்ப ஒயினையும் பதார்த்தங்களையும் தரம் பிரித்துப் பரிமாறிய ஒருவனைக் கண்டித்து இளைய பிளினி எழுதிய கடிதம் கிடைக்கிறது. அந்த வழக்கத்தின் பின்னணியில்தான் கொரிந்தின் திருவிருந்துச் சண்டையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஜெர்மன் ஆய்வாளர் கெர்ட் தைசன் 1970களில் வாதிட்டார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிறு சட்டப்படி ஓய்வுநாளானது 321இல், கான்ஸ்டன்டைன் ஆணையால். அதற்கு முன் அடிமையும் கூலியாளும் வேலை முடிந்துதானே வந்திருக்க முடியும்? அதற்குள் முந்திக்கொண்டவர்கள் தங்கள் சாப்பாட்டை முடித்துவிட்டார்கள். ஒருவன் பசியில், ஒருவன் போதையில். ஒன்றும் இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்பதுதான் பவுலின் கேள்வி.

இனி 'அபாத்திரமாய்' என்ற சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் அது 'அனாக்ஸியோஸ்', வினையடை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் 'ஆய்' போட்டு வினையடையாகவே தந்திருக்கிறது. அது உண்ணும் முறையைக் குறிக்கிறதே தவிர உண்பவனின் தகுதியை அல்ல. நம்முடைய பிரசங்கச் சொல்லாடல் செய்தது என்ன? வினையடையைப் பெயராக்கி, 'அபாத்திரன்' என்று ஒரு ஆளைக் கட்டமைத்தது. பந்தியில் நடந்த அநியாயம் மனசுக்குள் ஒளிந்திருக்கும் அந்தரங்கப் பாவமாக மாறிப்போனது. வயிறு நிறைந்தவனை நோக்கி எழுந்த குற்றச்சாட்டு பசித்தவன் தலையில் விழுந்தது. 'சரீரத்தை' அறியாமல் உண்பது என்பதும் அப்படித்தான். அடுத்த அதிகாரத்திலேயே சரீரம் என்பது சபைதான் என்று விரிவாகப் பேசப்படுகிறது. பக்கத்தில் இருப்பவனைக் காணாமல் உண்பதே குற்றம்.

அதற்காகப் பவுலைப் புரட்சிக்காரராக்கிக் கொண்டாட நான் தயாரில்லை. அவர் சொல்லும் தீர்வைப் பாருங்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். பசித்தால் வீட்டில் சாப்பிட்டு வாருங்கள். அதாவது ஏற்றத்தாழ்வு வீட்டோடு இருக்கட்டும், சபைக்குள் தெரிய வேண்டாம். தைசனே இதை அன்பு கலந்த தந்தைவழி அதிகாரம் என்கிற பொருளில் பெயரிட்டார். சரீர உவமையும் இரட்டை முகம் கொண்டது. வேலைநிறுத்தம் செய்த ரோம எளியவர்களை மெனேனியஸ் அக்ரிப்பா வயிறு–கைகால் கதை சொல்லி ஊருக்குள் திருப்பி அனுப்பியதாக லிவி எழுதுகிறார். நமக்குப் புருஷ சூக்தம் வேறு இருக்கிறது. பவுல் அந்த உவமையைத் திருப்பி, பலவீனமான உறுப்புக்கே அதிக மரியாதை என்கிறார். மரியாதை கூடுகிறது. ஆனால் கால் காலாகவே இருக்கிறது.

அடிமைகள் பற்றிய ஏழாம் அதிகார வாக்கியத்தில் (7:21) எதைப் பயன்படுத்திக்கொள்வது என்பது கிரேக்கத்தில் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. 1946இல் வந்த ஆங்கில ஆர்.எஸ்.வி. புதிய ஏற்பாடு விடுதலை வாய்ப்பை என்றது. அதைத் திருத்தி 1989இல் வந்த என்.ஆர்.எஸ்.வி. இருக்கும் நிலையை என்றது. பிரதியின் ஒரு மௌனத்துக்குள் ஒரு அடிமையின் வாழ்க்கையே தொங்குகிறது.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. தமிழ் இலக்கிய வகுப்பில் 'பெத்லகேம் குறவஞ்சி' தந்த வேதநாயக சாஸ்திரியாரைக் கிறிஸ்தவக் கவிராயராகப் படிக்கிறோம். அதே சாஸ்திரியார் 1829இல், சபையில் சாதிகளைக் கலக்க முயன்ற புதிய மிஷனரிகளின் செயலைக் கொடுமைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டு எழுதினார் என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பிரச்சினை விசுவாசம் அல்ல. தலித்தோடு சமமாக உட்காரத்தான் முடியவில்லை. சாதி என்பது வெறும் லோக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். பவுலின் 'வீட்டில் சாப்பிட்டு வா' என்ற ஏற்பாட்டுக்கும் இந்த வாதத்துக்கும் எவ்வளவு தூரம்? வெளியே இருப்பது வெளியே இருக்கட்டும் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால் அது உள்ளே வர ரொம்ப நேரம் ஆகாது.

கொரிந்தியர் நிருபத்திலிருந்து 'பிரிவினை வேண்டாம், ஒற்றுமையாக இருங்கள்' என்ற பாடத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். பதினோராம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் பிரிவினை சாப்பாட்டில் நடந்தது. அதைச் செய்தவர்கள் முந்தி உண்டவர்கள். தமிழ்நாட்டில் தனிக் கல்லறைகள் இன்னும் ஒழிந்துவிடவில்லை. அதைத் தட்டிக் கேட்கும் தலித் கிறிஸ்தவரைத்தான் பிரிவினைக்காரன் என்கிறார்கள். அடுத்த முறை 'உன்னைச் சோதித்துப் பார்' என்று சொல்லப்படும்போது, யாரைப் பார்த்துச் சொல்றீங்க என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தால், அந்தக் கேள்விக்கு ஆதாரம் அவர்கள் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது.