மாவிட்டபுரக் கதையில் முகமும் வேட்கையும்

கீரிமலைத் தீர்த்தத்தின் பெருமை கூறும் கதைகளுள் இரண்டு முகத்தைப் பற்றியன. கீரிமுகம் உடையராயிருந்த நகுல முனிவர் அங்கு நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குன்மநோயும் குதிரைமுகமும் உற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அவ்வூற்றில் மூழ்கி நலம் எய்தினாள் என்பது மற்றொன்று. ‘மா’ என்னும் குதிரையின் முகம் விட்ட இடமே மாவிட்டபுரம் என்பர். ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் இக்கதையைக் கூறும். இது வரலாறா என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. இதனுள் உறையும் உளக் கருத்தே நாம் நோக்கத்தக்கது.

முகம் மாறிய இளவரசியை உக்கிரசிங்கன் என்னும் அரசன் கண்டான், விழைந்தான், கவர்ந்து சென்று மணந்தான். மூன்று வினைக்கும் எழுவாய் அவனே. அவ்வரசனோ சிங்கமுகம் உடையவன். பெண்ணின் விலங்குமுகம் தீர்த்தற்குரிய பிணியாயிற்று. ஆணின் விலங்குமுகம் வீரத்தின் அடையாளமாயிற்று. அழகு வந்தது, ஆதலின் மணம் நிகழ்ந்தது என்று கதை அமைந்துவிடுகின்றது. அவனது வேட்கையே கதையை நடத்துகின்றது. அவளது வேட்கைக்கு அவ்விடம் வாய்க்கவில்லை.

நம் இலக்கண நூலோ இதனினும் நுண்ணிதாக நோக்கிற்று. தலைவன் தலைவியர்க்குரிய ஒப்புப் பத்தினைத் தொகுக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உருவினை ஒன்றாகவும் காமவாயிலைப் பிறிதொன்றாகவும் எண்ணுகின்றது. வடிவு ஒத்தல் வேறு. வேட்கை ஒத்தல் வேறு. ஒன்று இருப்பின் மற்றது தானே வரும் என்பது அந்நூலின் கொள்கையன்று.

இக்கால உளநூலும் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றது. 2001இல் அமெரிக்காவில் அகரோன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், பெண்பால் நாட்டமுடைய ஆடவர் ஆண், பெண் இருபாலார் முகங்களிலும் அழகை உணர்ந்து மதிப்பிட்டனர். ஆயினும் நெடிது காணவேண்டி முயன்று விசையை அழுத்தியது அழகிய பெண்முகங்களுக்காகவே. 2006இல் சூரிச்சிலிருந்து கிரான்ஸ், இசாய் என்போர் வெளியிட்ட ஆய்வு, ஒருபால் நாட்டமுடையாரையும் எதிர்பால் நாட்டமுடையாரையும் ஒருங்கு நோக்கிற்று. அவரவர் விழையும் பாலினரின் முகங்களுக்கே மூளையின் இன்பவுணர்ச்சிப் பகுதிகள் மிகுதியாகத் துலங்கின. அழகை அறிதல் பலர்க்கும் பொது; அதனை நாடுதல் அவரவர் இயல்பு.

இவ்வுண்மை ஏட்டோடு அமைவதன்று. பெண்பால் நாட்டமில்லாத மகனுக்கு அழகிய மணமகளின் படத்தைக் காட்டினால் மனம் திரும்பும் என நம்பும் பெற்றோர் இன்றும் உளர். ஆண்பால் நாட்டமில்லாத மகளிடத்தும் இவ்வாறே. ஒருபால் நாட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலினின்று நீக்கியது. நோயல்லாததற்குத் தீர்த்தம் தேடுதல் வீண். அத்தேட்டத்தில் இருவர் வாழ்வு கெடுதல் கொடுமை.

மாவிட்டபுரக் கதையின் பக்திச் சுவைக்கு இத்திறனாய்வால் குறைவில்லை. ஊற்று அவள் முகத்தை மாற்றிற்று என்றே கதை கூறுகின்றது. உள்ளத்தை மாற்றிற்று என்று கூறவில்லை. அவள் யாரை விழைந்தாள் என்னும் வினாவைக் கதை எழுப்பாது விடினும், மணம் பேசும் நாம் எழுப்பாது விடுதல் தகாது.